கரடுமுரடான பாதையிலிருந்து இறங்கிய வண்டி: நெடுஞ்சாலை ஏறும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கல்தடம்:
அனைவருக்கும் வணக்கம். பாறைகள் நிறைந்த ஏற்றப்பாதை ஒன்றை முடித்துவிட்டு வண்டி கீழே வந்து நிற்கிறது. முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதாவது இரு பக்கச் சக்கரங்களும் ஒரே உறுதியான தண்டில். முன்பக்கம் காயில் (சுருள்) ஸ்பிரிங், பின்பக்கம் லீஃப் (பட்டை) ஸ்பிரிங். வழியில் சில இடங்களில் அடிப்பகுதி பலமாக இடித்தது. எண்ணெய் எதுவும் சொட்டவில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஆனால் நேராக ஓட்டும்போது ஸ்டியரிங் வீல் சற்று இடப்பக்கம் திரும்பியபடியே நிற்கிறது. அடுத்து நெடுஞ்சாலையில் நீண்ட பயணம் காத்திருக்கிறது. முதலில் வண்டியைக் கழுவிவிட்டுப் பார்ப்பதா, சேற்றோடு அப்படியே பார்ப்பதா? எங்கிருந்து தொடங்குவது?

பட்டறைக்காரர்:
ஸ்டியரிங்கிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்த்து முடிக்கும் வரை நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

பாறைப்பாதையில் நடை வேகத்தில்தான் போகிறோம். அந்த வேகத்தில் வளைந்த கம்பியும் தளர்ந்த போல்ட்டும் தம் குறையைக் காட்டுவதில்லை. அதே வண்டி 80, 90 கிலோமீட்டர் வேகத்துக்குப் போகும்போதுதான் குறை வெளிப்படும். பாதையிலேயே உடைந்து நிற்கும் வண்டியால் பெரும்பாலும் நேரம்தான் வீணாகும். நான் அஞ்சுவது, உடையாமல் தப்பித்ததுபோல் தோன்றும் வண்டியைப் பார்த்துத்தான்.

உங்கள் வண்டியில் இரண்டு கம்பிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். ஸ்டியரிங் பெட்டியின் கையிலிருந்து ஒரு பக்கச் சக்கரத்துக்குப் போவது டிராக் லிங்க். இரண்டு சக்கரங்களையும் ஒன்றோடொன்று இணைப்பது டை ராட். டிராக் லிங்க் மட்டும் வளைந்திருந்தால் அதன் நீளம் குறையும். ஸ்டியரிங் வீலின் நடுநிலை மாறும். ஆனால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். டை ராட் வளைந்திருந்தால் சக்கரங்களின் இணைநிலையே கெட்டுவிடும். டை ராட் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் அது வளைந்து குறுகினால் டயர்களின் பின்விளிம்புகள் நெருங்கி, முன்விளிம்புகள் விலகும். முன்னால் இருந்தால் இதற்கு நேர்மாறு. சில வண்டிகளில் டிராக் லிங்க் போய்ச் சேரும் இடமே டை ராட்தான். அங்கே ஒன்று வளைந்தால் இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வரலாம்.

கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் அளந்துவிடுங்கள். சமதளத்தில் சக்கரங்களை நேராக வைத்து, இரு முன் டயர்களின் நடுவிலும், முன்பக்கமாக, ஆக்சில் உயரத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும் வரை வண்டியை உருட்டி மீண்டும் அளங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒத்துப்போக வேண்டும். பொதுவாக அது சில மில்லிமீட்டர்தான் இருக்கும். விரல் அகலத்துக்கு வேறுபாடு இருந்தால் டை ராட் வளைந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

சேற்றுவழி:
பட்டறைக்காரர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கழுவாமல் எதைப் பார்ப்பது? சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், மயிரிழை அளவுக்கு விரிசல் இருந்தால் சேற்றுக்கடியில் தெரியவே தெரியாது. ஷாக் அப்சார்பர் பொருந்தும் தாங்கி, ஸ்டியரிங் பெட்டி சேஸிஸோடு சேரும் இடம், லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் பிடிப்பு ஆகியவைதான் வழக்கமாக விரிசல் விடும் இடங்கள். சேறு அதிகம் அப்புவதும் இங்கேதான். முதலில் நன்றாகக் கழுவுங்கள், பிறகு விளக்கோடு கீழே போங்கள்.

திருகாணி:
கழுவுவதற்கு முன்பே ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்தத் தூசியும் சேறும்தான் நமக்குச் சாட்சி. நீரைப் பீய்ச்சியதும் சாட்சி போய்விடும்.

வண்டி முழுவதும் வெளிர் நிறத்தில் தூசி படிந்திருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் அது கருத்து, ஈரமாக ஒட்டியிருந்தால் அங்கே எண்ணெய் கசிந்திருக்கிறது. கசிவு புதியதா பழையதா என்பதையும் அந்தத் தூசியே சொல்லும்: பழைய கசிவில் தடித்த, காய்ந்த அப்பல் இருக்கும், புதியதில் எண்ணெய் பளபளக்கும். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் ரப்பர் உறை ஏதோ கிழிந்திருக்கிறது. ஒரு போல்ட்டின் வாஷரைச் சுற்றி மட்டும் தூசி இல்லாமல் உலோகம் மின்னினால் அந்த இணைப்பு அசைந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு மின்னலைக் கண்டதும் அந்தப் போல்ட்டைக் கையால் தொட்டுப் பார்த்து இறுக்கமாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, குறிப்பிட்ட இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அழுத்தமாகப் பீய்ச்சும் நீர், சேதமான சீல் வழியாகப் பேரிங்குக்குள்ளும், கிழிந்த உறை வழியாக மூட்டுக்குள்ளும் மணலைத் தள்ளிவிடும். எனவே முதலில் கழுவாமல் ஒரு சுற்று. அடுத்து, குழாய்நீரில் சேற்றை ஊறவைத்து இறக்குவது. உலர்ந்தபின் விரிசல் தேட இரண்டாவது சுற்று. விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில்தான் தொடங்கும். பெயின்ட் கோடுபோல் வெடித்திருந்தாலோ, மெல்லிய துருக்கோடு இறங்கியிருந்தாலோ, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள்.

சேற்றுவழி:
இரண்டு சுற்று என்றால் ஏற்றுக்கொள்கிறேன். கழுவும்போது ரேடியேட்டரை மறந்துவிடாதீர்கள். இறக்கைகளுக்கு இடையே காய்ந்த சேறு காற்றைத் தடுக்கும். மெதுவான பாதையில் தெரியாத வெப்பம் நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஏறிவிடும். என்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி, குறைந்த அழுத்தத்தில் நீர் விட வேண்டும். எதிரே நின்று பலமாகப் பீய்ச்சினால் இறக்கைகள் மடங்கிப்போகும்.

நிதானம்:
ஒரு வார்த்தை. இங்கே எல்லோரும் கீழே போங்கள், கீழே போங்கள் என்கிறீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம். கெட்டியான சமதளம், மறுபக்கச் சக்கரங்களுக்குத் தடுப்புக்கட்டை, சேஸிஸுக்கோ ஆக்சிலுக்கோ தாங்கி ஸ்டாண்டு. இவை மூன்றும் இல்லாவிட்டால் சக்கரங்கள் தரையில் இருக்கும்போது எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பார்த்தால் போதும். பாதையில் பயன்படுத்தும் உயரமான நெம்பு ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. அதன் நிழலில்கூடப் படுக்காதீர்கள். சைலன்சர் குழாய் ஆறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கல்தடம்:
நிதானம் அவர்களுக்கு நன்றி. எல்லா முன்னேற்பாடுகளோடும்தான் போனேன். பார்த்ததைச் சொல்கிறேன். டிராக் லிங்க் நடுவில் மெலிதாக வளைந்திருக்கிறது. பாறையில் உரசிய தழும்பும் அதே இடத்தில் இருக்கிறது. டயர் கோடுகளை அளந்ததில் கையேட்டு அளவே வருகிறது, ஆகவே டை ராட் தப்பித்தது. திருகாணி சொன்ன மின்னலையும் கண்டேன்: முன் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்டு ராடின் போல்ட்டைச் சுற்றி உலோகம் பளிச்சென்று இருக்கிறது.

இரண்டு கேள்விகள். டிராக் லிங்கில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறது. அதைத் திருப்பி ஸ்டியரிங் வீலை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு நெடுஞ்சாலைப் பயணத்தை முடிக்கலாமா? பான்ஹார்டு ராட் போல்ட்டை இறுக்கினால் போதுமா?

பட்டறைக்காரர்:
முதல் கேள்விக்கு, வேண்டாம். திருகைத் திருப்பினால் ஸ்டியரிங் வீல் நேராகும்; கம்பி நேராகாது. ஒருமுறை வளைந்த கம்பி அடுத்த அழுத்தத்தில் அதே இடத்தில்தான் வளையும். அதுவும் முதல்முறையைவிட எளிதாக வளையும். காட்டுக்குள் சிக்கிக்கொண்டால் தட்டி நேராக்கி ஊர்ந்து வெளியே வரலாம், அது வேறு. தார்ச்சாலைப் பயணத்துக்குப் புதுக் கம்பிதான். நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதாக யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சூடு அந்த இரும்பின் குணத்தையே மாற்றிவிடும். ஸ்டியரிங் உறுப்பில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. போல்ட் தளர்ந்த நிலையில் ஓடியிருந்தால் தாங்கியிலுள்ள துளை வட்டமாக இருக்காது, நீண்டு தேய்ந்திருக்கும். அப்படித் தேய்ந்த துளையில் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் மீண்டும் தளரும். காயில் ஸ்பிரிங்கும் முழு ஆக்சிலும் உள்ள வண்டியில் பான்ஹார்டு ராடில் ஆட்டம் இருந்தால், நல்ல வேகத்தில் ஒரு சிறு பள்ளம் போதும். முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகப் படபடக்கத் தொடங்கி, வேகத்தை நன்றாகக் குறைக்கும் வரை நிற்காது. அனுபவித்தவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

சோதிக்கும் முறை எளிது. வண்டி தரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பவர் ஸ்டியரிங் வேலை செய்வதற்கு என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவு, விரைவாக அசைக்க வேண்டும். மற்றவர் முன்பக்கத்தில், நகரும் உறுப்புகளுக்கும் சக்கரங்களுக்கும் எட்டாத தூரத்தில், பக்கவாட்டில் குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். போல்ட் துளைக்குள் நகர்கிறதா, பந்து மூட்டு மேலும் கீழும் குதிக்கிறதா, ஸ்டியரிங் பெட்டி சேஸிஸிலிருந்து விலகுகிறதா என்பதெல்லாம் நேரில் தெரியும். இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் வளையமான புஷ் சற்றே முறுகுவது இயல்பு. உலோகம் உலோகத்தின்மேல் நகர்வது இயல்பன்று.

பின்னால் லீஃப் ஸ்பிரிங் என்றீர்களே, இரண்டு பக்கமும் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து ஒப்பிடுங்கள். பட்டைகளை இணைக்கும் சென்டர் போல்ட் அறுந்துபோனால் ஆக்சில் ஒரு பக்கம் மட்டும் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். நேரான சாலையில் வண்டி கோணலாக ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்பிரிங்கில் எந்தக் குறையும் தெரியாது.

மணல்மேடு:
டயரையும் பிரேக்கையும் யாரும் பேசவில்லையே. பாதைக்காகக் காற்றை 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கியிருந்தால் வேகமெடுக்கும் முன் சரியான அழுத்தத்துக்கு நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடிந்து சூடேறி உள்ளுக்குள்ளேயே பிரிந்துவிடும். பக்கச்சுவரில் வெட்டு இருந்தால் அதை லேசாக விரித்துப் பாருங்கள். உள்நூல் தெரிந்தாலோ எங்காவது புடைத்திருந்தாலோ அந்த டயர் இனி வேகப் பயணத்துக்கு ஆகாது. நாம் பெரும்பாலும் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். பாறை உட்பக்கச் சுவரையும் கிழிக்கும். ரிம்மின் உள்விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கலாம்.

ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய சேறு சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்கும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கியதும் பெரிய கோளாறு என்று பயப்படுபவர்கள் பலர். சேற்றைச் சுரண்டியதும் பலருக்கு நடுக்கம் நின்றுவிடும். நிற்காவிட்டால்தான், சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் குழாயில் ஒரு சிறு நசுங்கல் போதும், வேகத்தில் வண்டி முழுவதும் அதிரும். இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் மூட்டுகளைக் கையால் முறுக்கிப் பார்த்தால் ஆட்டம் இருப்பது தெரியும்.

பிரேக்கில் பேடுக்கும் டிஸ்குக்கும் இடையில் மணல் சிக்கினால் கரகரக்கும். டிரம் பிரேக்கில் புகுந்த சேறு தானாக வெளியே வராது. டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பிரேக் ஹோஸ்களை ஸ்டியரிங் முழுவதுமாக ஒரு பக்கம் திரும்பிய நிலையில் ஒருமுறை, மறுபக்கம் திரும்பிய நிலையில் ஒருமுறை பாருங்கள். உரசல் அப்போதுதான் தெரியும்.

உயரமான காய்ந்த புல்வெளியைக் கடந்து வந்திருந்தால் உடனே நிறுத்தி, சைலன்சரின் வினையூக்கிப் பெட்டியைச் சுற்றியும் கீழ்த்தகடுகளின் மேலும் புல் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதை ஓய்விடத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாது. அந்தப் புல் பற்றிக்கொண்டு முழு வண்டியும் எரிந்த சம்பவங்கள் உண்டு.

சின்னவண்டி:
என் வண்டியில் முன்பக்கம் முழு ஆக்சில் கிடையாது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். இங்கே சொன்னவை எனக்கும் பொருந்துமா?

திருகாணி:
டயர், பிரேக், எண்ணெய் எல்லாம் பொருந்தும். ஸ்டியரிங்கில் மட்டும் கணக்கு மாறும். உங்கள் வண்டியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி டை ராட். ஒரு பக்கம் வளைந்தால் சக்கரத்தின் இணைநிலையும் ஸ்டியரிங்கின் நடுநிலையும் ஒருசேரக் கெடும். சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் சஸ்பென்ஷன் கையைச் சரிசெய்யும் போல்ட் இடியில் நழுவியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். பழைய இடத்தின் அடையாளம் பக்கத்திலேயே மின்னும். வழுக்குக் கட்டுப்பாடு உள்ள புது வண்டிகளில் ஸ்டியரிங் கோணத்தைக் கணினி அளந்துகொண்டே இருப்பதால், நடுநிலை தவறினால் தேவையில்லாத நேரத்தில் அது குறுக்கிடவும் கூடும்.

சக்கரங்களைச் சுழற்றும் அரையாக்சில்களின் மூட்டுகளை மூடும் ரப்பர் உறைகளை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். கிழிந்த உடனே கண்டுபிடித்தால் சுத்தம் செய்து, புது கிரீஸ் வைத்து, உறையை மட்டும் மாற்றினால் போதும். மணலோடு ஓடிய மூட்டு, முழுத் திருப்பத்தில் டக் டக் என்று ஒலிக்கத் தொடங்கியபின் உறை மாற்றிப் பயனில்லை.

ஆற்றுக்கடவு:
ஒரு நீரோடையைக் கடந்தபோது சக்கர மையத்துக்கு மேல்வரை தண்ணீர். வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஆக்சிலின் நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் எண்ணெயை மாற்றியே ஆக வேண்டுமா?

பட்டறைக்காரர்:
பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைபட்டிருந்தாலோ அதன் முனை நீருக்குள் இருந்தாலோ, அந்தச் சுருக்கம் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். சீல் சற்றுத் தேய்ந்திருந்தால் அந்த வழியாகவும் வரும். எண்ணெயும் நீரும் சேர்ந்து கடைந்தால் பால் கலந்த நிறம் வரும். அந்தக் கலவையால் பற்சக்கரங்களைக் காக்க முடியாது; வண்டி நின்றிருக்கும்போது பேரிங்குகளில் துருவும் பிடிக்கும். கோளாறின் ஓசை கேட்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்துங்கள். எண்ணெயைவிட நீர் கனமானது, அடியில் தங்கும். மறுநாள் முதலில் மேலே உள்ள நிரப்புத் திருகு கழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வடித்துவிட்டு, நிரப்ப வழியில்லாமல் நிற்கக் கூடாது. பிறகு கீழ்த்திருகை மெல்லத் தளர்த்துங்கள். முதல் துளிகள் நீராக வந்தாலோ எண்ணெய் வெளுத்திருந்தாலோ முழுவதும் மாற்றுங்கள். காந்தத் திருகாக இருந்தால் அதில் கருஞ்சாம்பல் பசை ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். துண்டு துண்டாக உலோகம் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் ஆகியவற்றுக்கும் இதேபோல் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். டீசல் வண்டி என்றால் எரிபொருள் வடிகட்டியில் நீர் சேரும் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

மணல்மேடு:
சக்கர பேரிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஆற்றுக்கடவு. தாங்கி ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங்; மறையாவிட்டால், சக்கரம் திரும்பும் அச்சான பந்து மூட்டு அல்லது கிங் பின். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் முனையைப் பாருங்கள்.

கல்தடம்:
பான்ஹார்டு ராடைக் கழற்றினேன். தாங்கித் துளை நன்றாகவே நீண்டிருக்கிறது. தாங்கியையும் டிராக் லிங்கையும் மாற்றத் தந்துவிட்டேன், பயணம் தள்ளிப்போகிறது. பின் ஆக்சில் அளவு இரண்டு பக்கமும் சமம். மாற்றி முடித்தபின் போல்ட்டுகளை ஜாக்கியில் இருக்கும்போதே முழுவதும் இறுக்கிவிடலாமா?

திருகாணி:
ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை அப்படி இறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியபடி இருந்து விரைவில் கிழியும். தொங்கும்போது விரலால் ஏற்றி வையுங்கள், வண்டியின் எடை சக்கரங்களின்மேல் வந்தபின் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச்சால் முடியுங்கள். இறுக்கியதும் நட்டிலிருந்து தாங்கி வரை பெயின்ட் பேனாவால் ஒரே நேர்கோடு போட்டுவிடுங்கள். அடுத்தமுறை கோடு முறிந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால் சக்கர நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். பின் லீஃப் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யு போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பட்டறைக்காரர்:
அந்தச் சோதனைக்கு நிறுத்தும்போது நான்கு சக்கர மையங்களுக்கும் அருகில் கையை வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள், தொட வேண்டாம். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஒரே ஆக்சிலில் இடமும் வலமும் தெளிவாக வேறுபட்டால் பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் போகிறது. சூடான பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டே மேற்கொண்டு ஓட்டுங்கள்.